விலக்குடன் ஏற்பு

ஞாயிறு காலை ஏழு மணிக்கு
பெருந்துறைக்கு அப்பால் புதிதாகப் போட்ட தடத்தில்
என் வண்டி நிற்க வேண்டும்.
பதினான்காயிரம் கட்டியாயிற்று, திரும்ப வராது.
முப்பத்தேழு என்ற எண்ணைக் கதவில் ஒட்டியும்விட்டேன்,
மூலையில் ஒரு காற்றுக் குமிழோடு.

சீலநாயக்கன்பட்டிப் பட்டறையில்
தஸ்தகீர் வண்டியைத் தூக்கி நிறுத்தி
முன் இடது சக்கரத்தை மேலும் கீழுமாய்ப் பிடித்து ஆட்டினார்.
'கடக்' என்று ஒன்று.
சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது.
"பேரிங் போகுது மேடம்.
போயிடுச்சுன்னு சொல்லலை. போகுது."
இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே
அக்குள் வியர்ப்பது போல ஆயில்.
பிரேக் முதல் மிதிக்கு மெத்தையாய் அமுங்கி
இரண்டாவது மிதிக்குத்தான் பிரேக் ஆகிறது.
புது பேரிங் பெங்களூரிலேயே இல்லையாம்.
வெளிநாட்டிலிருந்து வர பதினெட்டு நாள்.

"ரோட்டுல ஓட்டலாம்" என்றார்.
பிறகு துணியில் கை துடைக்க
தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டார்.

எனக்குச் சம்பளம் தருவதே இதற்குத்தான்.
இரும்பாலையில் பத்தொன்பது வருடமாக
வேண்டாம் என்று சொல்லும் வேலை.
பற்றவைத்த இடத்தில் சிவப்புச் சாயம் பூசி,
துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்துக் காத்திருப்பேன்.
விரிசல் இருந்தால்
முடியளவு சிவப்பு தானாக எழுந்து வரும்.
வெளியே லாரி நிற்கும், மேலாளர் போன் செய்வார்,
நான் முத்திரையை எடுப்பேன்.
மேசையில் மூன்று உண்டு:
ஏற்பு. மறுப்பு. விலக்குடன் ஏற்பு.
மூன்றாவதன் மைப்பெட்டி காய்ந்தே கிடக்கும்.

சனி இரவு முழுக்க அதைத்தான் தேடினேன்.
மூன்று சுற்று மட்டும்.
நேர்ப்பாதையில் நூற்று இருபதைத் தாண்டாமல்.
இடது சக்கரம்தானே,
வலது வளைவில் மட்டும்தானே சுமை விழும்.
தடத்தின் படத்தை விரித்து
வலது வளைவுகளை எண்ணினேன். ஒன்பது.
மறுபடி எண்ணினேன், எட்டு வருமா என்று.

மூன்று மணிக்குச் சாவியை எடுத்தேன்.
அடிவாரம் தாண்டி ஏற்காட்டுப் பாதை.
கண்ணாடிகளை இறக்கிவிட்டேன்.
பள்ளத்தாக்கின் ஓரம் போகும்போது
வண்டி நேற்று வாங்கியது போலிருந்தது.
கீழே சேலம், அணைக்க மறந்த விளக்குகளோடு.
பாறையை வெட்டிய இடம் வந்ததும்
ஒரு முனகல்.
யாரோ வாய் திறக்காமல் மாட்டேன் என்பது போல.
பள்ளத்தாக்கு வந்தது, நின்றது.
பாறை வந்தது, அதுவும் வந்தது.
நிற்கவே இல்லை என்பது
ஏழாவது கொண்டை ஊசியில்தான் உறைத்தது.
திறந்த பக்கத்தில்
அதைத் திருப்பித் தர எதுவும் இல்லை.

பதினோராவதில் நிறுத்தினேன்.
ஏறி வந்த வண்டி, பிரேக்கைத் தொடவே இல்லை.
வலது சக்கரத்தின் நடுவில் கை வைத்தேன், வெதுவெதுப்பு.
இடதில் வைக்க முடியவில்லை.

போன தடவை இன்னொரு தடத்தில், மூன்றாம் வளைவில்
மஞ்சள் கொடியோடு ஒரு பையன் நின்றான்.
ராசிபுரத்துக் கல்லூரி,
நாளுக்கு ஐந்நூறும் எலுமிச்சைச் சோறும்.
டயர் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து
பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்
நான் கடக்கும்போது.
என் மூன்று சுற்றுக் கணக்கு
அவனிடம் யார் சொல்லப் போகிறார்கள்.

ஐந்தரைக்கு அமைப்பாளருக்குப் போன் செய்தேன்.
"உடம்புக்கு முடியலையா மேடம்?"
"வண்டிக்கு."
"இங்க வர்ற எல்லா வண்டியும் அப்படித்தான், வாங்க."
அது உண்மையாகவும் இருக்கலாம்.

நிம்மதி வரும் என்றுதான் நினைத்திருந்தேன்.
கோபம்தான் வந்தது,
பாறை மேல், பதினெட்டு நாள் மேல்,
பத்தொன்பது வருடத்தின் மேல்.
இரண்டாவது கியரிலேயே இறங்கினேன்,
முதல் பேருந்துக்குப் பின்னால்,
அதன் புகையையெல்லாம் குடித்துக்கொண்டு.

வீட்டு வாசலில் எண்ணை உரித்தேன்.
ஏழு ஒரே இழுப்பில் வந்தது.
மூன்று வரவில்லை.
நகத்தால் சுரண்டச் சுரண்ட
மஞ்சள் பெயிண்டும் சேர்ந்து வந்தது.
விட்டுவிட்டேன்.