போன வருஷத்து இறகு

வெட்டாற்றங்கரையில் விசிறிவால் வளர்க்காதே என்றார்கள்.
இது களிமண்.
நாலு அடி நடந்தால் வாலில் அரைக்கிலோ நிலம் ஒட்டும்.
மேற்கே செம்மண் காட்டில் அது ராஜா,
கொரடாச்சேரியில் நனைந்த துடைப்பம்.

கேட்கவில்லை.
பழனிப் பக்கம் போய் மூன்று முட்டை வாங்கினேன்.
உமிக்குள் புதைத்து, தூக்குவாளியில் வைத்து,
மூன்று பஸ் மாறும்வரை மடியைவிட்டு இறக்காமல்.
இரண்டு கூமுட்டை.
மூன்றாவது செங்கீரி.

கிளிமூக்கு. மேலலகு கீழலகின்மேல்
தாழ்ப்பாள் விழுந்த மாதிரி உட்காரும்.
முத்துக்கண்.
கொண்டை, நசுங்கிய புளியங்கொட்டை அளவு.
வால் வளர வளர
நான் கழியை உயர்த்திக்கொண்டே போனேன்:
மூன்றடி, நாலடி, நாலரை.

தினம் ஒரு அவித்த முட்டை, வெள்ளை மட்டும்.
"கோழிக்கே கோழிமுட்டையா" என்று
கோமளா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.
மஞ்சள் கருவை அவள்தான் தின்றாள்.

கார்த்திகையில் ஆறு வீட்டுக்குள் வந்தது.
எங்களுக்குப் பள்ளிக்கூடம்,
அவனுக்குப் பீரோ உச்சி.
இருட்டியதும் இடுப்புத் தண்ணீரில் போவேன்
தலையில் கம்புப் பொட்டலத்தோடு.
டார்ச் வெளிச்சத்தில்
சேற்றுக்கும் வாலுக்கும் நடுவே
நாலு விரல்கடை.
ஐந்து நாளும் அதே நாலு விரல்கடை.

தையில் கொள்முதல் நிலையம் திறந்தது.
நான் பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
நெல்லில் மீட்டரைக் குத்துவேன்.
பத்தொன்பது. காயட்டும்.
பதினெட்டரை. காயட்டும்.
"எங்க வயக்காட்டு நெல்லு சார், பொய்யா சொல்லும்?" என்பார்கள்.
மீட்டர்தான் சொல்லுது என்பேன்.

அந்த மாதக் கடைசியில்
வாலின் நடு இறகு உதிர்ந்தது.
கண்காட்சிக்கு இன்னும் பதினெட்டு நாள்.

பழைய பட்டியல் புத்தகத்துக்குள்
போன வருஷம் உதிர்ந்தது இருந்தது.
அதே நீளம், அதே கரும்பச்சை,
அதே வளைவுகூட.
முந்தின ராத்திரி கோமளா டார்ச் பிடிக்க
பக்கத்து இறகின் தண்டோடு சேர்த்து
ஃபெவிக்விக் வைத்தேன்.
அவன் திரும்பி ஒருமுறை என்னைப் பார்த்தான்.
கோழி பார்ப்பதற்கெல்லாம் அர்த்தம் கிடையாது.

நீடாமங்கலத்தில் ரைஸ்மில் களம், ஷாமியானா,
நூற்றுப்பதினாறு கூண்டு,
வறுத்த கடலை, பீடிப்புகை, கூவல்.
எங்கள் நம்பர் எழுபத்திரண்டு.
நடுவர் சவரிமுத்து திண்டுக்கல்காரர்,
கையில் மோதிரமோ கடிகாரமோ இல்லை.
அலகைப் பார்த்தார், சிரித்தார்.
கண்ணைப் பார்த்தார், பக்கத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார்.
அப்புறம் வாலுக்குள் விரலை விட்டு
தலை வாருவதுபோல் மெல்ல இழுத்தார்.
நடுவில் விரல் நின்றது.

"ஒட்டினதா?"
"அவனுதுதாங்க."
"தெரியுது."
"போன வருஷத்துது."
அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"இந்த வருஷத்துக்குத்தானே தம்பி மார்க்கு" என்று
எழுபத்திரண்டின்மேல் ஒரு கோடு.

டாடா ஏஸில் திரும்பும்போது
தலையணை உறைக்குள் வால்,
துண்டுக்குள் என் முகம்.

வீட்டில் கோமளா தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டுப்
பசையைக் கழற்றினாள்.
பாதியில் நிறுத்தி
"இங்க வந்து பாருங்க" என்றாள்.
அடியில், தோலை முட்டிக்கொண்டு,
நீலக் குருத்து.
உள்ளே ரத்தம் ஓடுகிற, பென்சில் முனைக் கனம்.
ஒட்டுகிற அவசரத்தில் டார்ச் அங்கே படவில்லை.

திங்கட்கிழமை காலை
சித்தாடிக்காரர் ஒருவர் நாற்பது மூட்டையோடு நின்றார்.
பதினேழு புள்ளி நாலு.
"ராத்திரிப் பனி சார். நெல்லு என்னோடதுதான்."
கட்டைவிரலில் பசை இன்னும் உரியவில்லை,
தோல் இறுகி வெள்ளையாக இருந்தது.
மீட்டரைத் துண்டில் துடைத்துவிட்டு
இன்னொரு மூட்டையில் குத்தினேன்.