பதினோராவது பேனல்

ஏணி சுட்டது.
பங்குனி, பதினொன்றரை மணி, சோமனூர்.
தறிக்கூடத்துத் தகரக் கூரைமேல்
நாற்பது பேனல் தெற்கே சாய்ந்து கிடந்தன.
கீழே பன்னிரண்டு தறி
யாரையும் பேச விடாமல் அடித்துக்கொண்டிருந்தன.

"கம்பெனிக்காரன் ஏமாத்திப்போட்டானுங்க அம்மிணி"
ஏணியைப் பிடித்தபடி கத்தினார் நாச்சிமுத்து.
"ஏழு வருசத்துக்கு முந்தி நாளைக்கு அறுபது யூனிட்டு.
இப்ப நாப்பத்தஞ்சுக்கே முக்குதுங்க."

விரலால் கண்ணாடியைத் தொட்டேன்.
பஞ்சு.
தறியிலிருந்து சன்னல் வழியே கிளம்பி
கூரையேறி, மார்கழிப் பனியில் ஊறி
கம்பளியாய்ப் படிந்த பஞ்சு.
கழுவினால் போகும்.
எட்டு யூனிட் வீடு திரும்பும்.

போகாதது, முன்பு கழுவிய தண்ணீர்.
எண்ணூறு அடி போர், நாக்கில் கரிக்கும் சப்பத்தண்ணி.
சட்டத்தின் ஓரமெல்லாம் வெள்ளையாய்க் காய்ந்திருந்தது.
சுரண்டிப் பார்த்தேன். நகம்தான் தேய்ந்தது.

மற்றது உள்ளே.
வெயில் பட்ட முதல் சில நாளிலேயே
சிலிக்கன் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்,
முதல் சலவையில் சுருங்கும் காடாத் துணி மாதிரி.
அப்புறம் ஆண்டுக்கு அரை விழுக்காடு.
நடுப்பகலில் அறுபத்தைந்து டிகிரிக்கு விரிந்து
விடியுமுன் இருபதுக்குச் சுருங்கி
அந்த இழுபறியில்
ஈயப்பற்று ஒவ்வொன்றும் மயிரிழை தளரும்.
நீலத்தின்மேல் ஒட்டிய பசைத்தாளில்
டீ வடிகட்டும் துணியின் மஞ்சள் ஏறும்.
யாரும் ஏமாற்றவில்லை.
இருபத்தைந்தாம் வருசம் எண்பது சதம் என்று
ஒப்பந்தத்தின் நாலாம் பக்கம்
பொடியெழுத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

வெப்பக் கேமராவைத் திருப்பினேன்.
எல்லாம் ஒரே ஊதா.
பதினோராவதில் மட்டும்
இரண்டு மஞ்சள் திட்டு,
ஒன்றரைச் சாண் இடைவெளியில்.
குனிந்து பார்த்தால், சுற்றிலும்
நத்தை ஊர்ந்ததுபோல் நூல் நூலாய்த் தடம்.
கல் விழுந்திருந்தால் கண்ணாடி உடைந்திருக்கும்.
இது உடையவில்லை.
எதுவோ நின்றிருக்கிறது, கனமாய், கொஞ்ச நேரம்.
மயிலுக்கு இவ்வளவு கனம் கிடையாது.

இறங்கி, ஆபீஸ் அறையில் மோர் குடித்தேன்.
சுவரில் சட்டம் போட்ட படம்:
திறப்பு நாள், புது வேட்டி, ரோஜா மாலை,
கூரைமேல் நாச்சிமுத்து,
இடுப்பில் கை, காலடியில் நீலம்.
விளிம்பிலிருந்து எண்ணினேன்.
இன்னொரு தடவை எண்ணினேன்.

"எந்தப் பேனலுங்க போச்சு?"

உதட்டில் ஒட்டிய கறிவேப்பிலையை எடுத்துப்போட்டேன்.
அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்துக்குள்
'இயந்திர அழுத்தம்' என்று எழுதினேன்.

"அப்படீன்னா?"

"பேனல் மேல ஆரையும் ஏற விடாதீங்க."

"அட, ஒரு ஆளை உட்டதில்லீங்க நானு" என்றார்.
அதில் பொய்யில்லை.

பில்லுக்குப் பேரம் பேசினார்.
இருநூறு குறைத்தேன்.