நான்காம் கட்டில்

"தல என்னுது. சட்டம் எதுக்கு?" என்கிறார் சன்னாசி,
ஆ லியோங் டயர் கடை வாசலில்,
ரோட்பிளாக்கில் வாங்கிய சம்மனை
விசிறியாக மடித்து வீசிக்கொண்டே.
மடியில் ஹெல்மெட் இருக்கிறது.
அதற்குள் நாலு முட்டை, ஒரு கட்டு கங்கோங் கீரை.

பங்சர் ஒட்ட வந்தவள் நான்.
ஒட்டி முடியப் பத்து நிமிஷம் ஆகும். கேளுங்கள் அண்ணே.

சுங்கை கெலாடி ஆஸ்பத்திரியில்
பதினேழு வருஷமாகத் தள்ளுகட்டில் தள்ளுகிறேன்.
உங்கள் தலை தார்ரோட்டில் படுகிறவரைக்கும்தான்
அது உங்களுது.

பட்டபின் ஆம்புலன்ஸ் ஓட்டும் பக்தியாருடையது.
நோன்பு திறக்க எடுத்த பேரீச்சம்பழத்தை
உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு ஓடினார் ஒருமுறை.
ஈப்போ போய்ச் சேரும்வரை தின்னவில்லை.
ஏறுகிற ரத்தமோ,
போன மாதம் சீனக்கோயில் மண்டபத்தில்
கை நீட்டிப் படுத்து, மைலோ குடித்து,
பெயர் சொல்லாமல் போன யாரோ ஒருவருடையது.
பிழைத்தால் அது உங்கள் வீட்டாருடையது.

பிழைத்தால் என்றேன்.
செத்தவர்களைப் பற்றிக் கடையில் பேசுகிறீர்கள்.
பிழைத்தவர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

மூணாம் டிவிஷன் குணாளன்
ரொட்டி சானாய் வாங்கப் போனவர்தானே?
முந்நூறு மீட்டர். அதுக்குப் போய் ஹெல்மெட்டா என்று போனார்.
லோரியிலிருந்து விழுந்த ஒரு செம்பனைக் குலை நடுரோட்டில் கிடந்தது.
இப்போது தினமும் காலையில்
"நீ யாரும்மா?" என்று மகளைக் கேட்கிறார்.
அவள் படிப்பை நாலாம் பாரத்தோடு விட்டுவிட்டு
கையுறைத் தொழிற்சாலைக்குப் போகிறாள்.
புறப்படுமுன் தன் பெயரைச் சொல்கிறாள்.
சில நாள் வேறு பெயர் சொல்லிப் பார்ப்பாளாம்.
அதற்கும் தலையாட்டுகிறாராம்.

நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.
வெயிலில் மண்டை வேகிறது.
கோப்ரல் ரொஸ்லான் சம்பள நாளாகப் பார்த்துத்தான் நிற்கிறார்.
குழிக்கு யாரும் சம்மன் எழுதுவதில்லை.
மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுது.
ஆனால் அந்தக் காகிதம் மேசை மேசையாக ஏறி இறங்கும்வரை
குழியைத் தாண்டித்தானே வீட்டுக்குப் போகணும்?

என் வீட்டுக்காரரும் சம்மன் வாங்கினார்.
ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.
மூணாம் நாள் ஹெல்மெட் மாட்டினார்,
உயிருக்குப் பயந்து இல்லை,
இன்னொரு தடவை காசு போகக்கூடாதென்று.
பதினோராம் நாள் ரயில்வே கேட்டருகே விழுந்தார்.
ஹெல்மெட் தேங்காய் மாதிரி ரெண்டாகப் பிளந்தது.
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்பார்களே,
தலைப்பாகை இருந்ததால் போச்சு.
இன்றைக்கும் அந்தப் போலீஸ்காரனைத் திட்டுகிறார்.
திட்டட்டும்.
திட்ட வாயும், யாரை என்ற ஞாபகமும்
மிச்சம் இருக்கிறது.

கொசுப்புகை அடிக்க வந்தால்
நாற்றம் என்று ஜன்னலைச் சாத்துகிறோம்.
டிங்கி வராத வீட்டில் யாரும்
அதற்காகப் பொங்கல் வைத்ததில்லை.
நடக்காமல் போனதை எந்த முகத்தில் பார்த்து
நன்றி சொல்வது?
எனக்கு மட்டும் அது கண்ணுக்குத் தெரியும்.
இன்று காலை நான்காம் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன்.
மத்தியானம்வரை மடிப்புக் கலையவில்லை.
உங்கள் சட்டம் எங்கே வேலை செய்கிறது என்று
யாராவது கேட்டால்
அந்த மடிப்பைத்தான் காட்டுவேன்.

ஆ லியோங் சக்கரத்தை மாட்டிவிட்டு
விரலைக் காட்டுகிறார்: எட்டு வெள்ளி.

சன்னாசி ஒன்றும் சொல்லவில்லை.
பிளாஸ்டிக் பை ஒன்று கேட்டு வாங்கி
முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார்,
உடையக்கூடாதென்று எவ்வளவு கவனமாக!
ஹெல்மெட்டை மாட்டுகிறார்.
நெற்றியில் ஒரு கங்கோங் இலை ஒட்டியிருக்கிறது.
வார் தொங்குகிறது.

"வார், அண்ணே."

"ரொம்பத்தான் பேசுற நீ" என்று
தாடைக்குக் கீழே கையைக் கொண்டுபோனார்.
டக்கென்று சத்தம் வந்ததா, தெரியவில்லை.
அந்நேரம் பார்த்து
குலைகளை மலைபோல் ஏற்றிய லோரி ஒன்று
எங்களைக் கடந்து போனது.