இடக்கை பைக்குள்

டென்மார்க்கிலிருந்து கப்பலேறி
இரண்டு பெட்டிகளாக வந்தது.
டிரான்ஸ்ஃபார்மர் தனிப் பெட்டியில்.
சாண்டோய்த் தீவின் படகுத்துறையில் அதைத் தூக்கிய ஹானுஸ்
"உள்ளே என்ன, பிணமா?" என்றான்.
இன்னும் இல்லை என்றேன்.

விற்ற டோர்கில், மூடியின் உட்புறம்
பென்சிலால் எழுதி ஒட்டியிருந்தார்:
தொடும்போது இடக்கையைப் பைக்குள் வை.
வேறு குறிப்பேடு கிடையாது.

மூவாயிரம் வோல்ட்.
ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால்
வழியில் இருப்பது நெஞ்சு.
மீன் ஆலையில் பதினாறு வருடம்
உறைபெட்டி மோட்டார்களோடு மல்லுக்கட்டியவள் நான்.
என் விரல்களுக்குச் சுளீர் புதிதல்ல.
இது, சுளீர் என்று சொல்ல
ஆளை விட்டுவைக்காது.

முதலில் எர்த்.
கட்டைவிரல் அகலச் செம்புப் பட்டை,
ஜன்னலுக்கு வெளியே
பாறைகளுக்கிடையில் மண் கிடைத்த ஒரே இடத்தில்
அறைந்த கம்பிவரை.
பிறகு ஆன்டெனா.
வாய் திறக்குமுன் சொல் போக வழி வேண்டும்.
வழியில்லாத சொல் திரும்பி வந்து
சொன்ன தொண்டையையே சுடும்.

அடுத்த இணைப்பில்தான் இரண்டு இரவு போனது.
பெருக்கி பழையது. அதன் ரிலே அசைய
நூற்றிருபது வோல்ட் கேட்கிறது.
என் ரேடியோ புதியது. பன்னிரண்டைத் தாண்டினால்
அதன் கடுகளவு டிரான்சிஸ்டர் கருகிவிடும்.
நேராகச் சேர்த்தால் முதல் வணக்கத்திலேயே ஒரு சாவு.
நடுவில் ஒரு தூது வைத்தேன்:
தீப்பெட்டி அளவில் இன்னொரு ரிலே.
இங்கே ஒரு சொடுக்கு, அங்கே ஒரு சொடுக்கு.
இவர் மின்சாரம் அவரைத் தொடாது,
செய்தி மட்டும் போகும்.
சில வீடுகளில் நான் அப்படி இருந்திருக்கிறேன்.

வியாழன் இரவு. வடமேற்குக் காற்று.
எண்ணெய் டப்பாவில் மூழ்கிய போலிச் சுமையில் முதலில்,
கொஞ்சமாக ஊட்டி, முள்ளைப் பார்த்து,
இன்னும் கொஞ்சம் ஊட்டி.
பிறகு ஆன்டெனாவுக்கு மாற்றி
அறுநூறு வாட்டில் என் பேரைச் சொன்னேன்.

படகோனியாவின் ஆட்டுப்பண்ணையிலிருந்து எலிசேயோ:
"கேட்கிறது சுன்வோர், கேட்கிறது, கத்தாதே.
நேற்றும் கேட்டது. முந்தாநாளும்.
மூன்று முறை பதில் சொன்னேன்.
நீதான் போய்விட்டாய்."

தூசி கருகும் வாடை.
மூடியைத் திறந்தாக வேண்டும்.
அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன்.
முள் இறங்கியது, அவசரமே இல்லாமல்.
பூஜ்யம் காட்டிய பிறகும் காத்திருந்து
எர்த் கம்பி கட்டிய நீளக் கோலால்
மின்தேக்கியின் தலையைத் தொட்டேன்,
பாம்பே இல்லாத தீவில்
செத்த பாம்பை அடிப்பவளாக.

சின்னதாய் ஒரு பொறி.
இருந்திருக்கிறது.

இடக்கை பைக்குள்ளேயே இருந்தது,
ஒரு துண்டுச்சீட்டைக் கசக்கிக்கொண்டு.
ஹானுஸின் ஆட்டுவேலி ஓரமாக
இருநூறு மீட்டர் இழுக்க வேண்டிய
கம்பியின் கணக்கு அதில்.
பேசுவதற்கான கம்பி அல்ல அது.