இதர

வங்கி தந்த படிவத்தில்
சுவருக்கு மூன்று கட்டங்கள்:
செங்கல், ஹாலோ பிளாக், இதர.
இதர என்று குறித்தால்
மதிப்பில் பதினைந்து விழுக்காடு தானாகக் கழியும்.
விதி என்னுடையது இல்லை.
அளந்து கையெழுத்துப் போடுபவன், அவ்வளவுதான்.

நாகமலைப் புதுக்கோட்டை,
மலைக்குப் பின்பக்கம் புதிதாகப் பிரித்த மனை.
கத்திரி பிறந்து ஒன்பதாம் நாள்,
மதியம் இரண்டு.
மூன்றாம் முறை தட்டியதும்
கன்னத்தில் பாயின் வரிகளோடு
கதவைத் திறந்தார் ஜெஸிந்தா.
"நைட் டூட்டி சார், இப்பத்தான் அசந்தேன்."

உள்ளே நாலு எட்டு வைத்ததும்
முதுகில் ஒட்டியிருந்த சட்டை
தானே விலகியது.
கூரையில் கான்கிரீட்டுக்குள் கவிழ்த்துப் பதித்த சட்டிகள்.
"நூத்தி எம்பது. மானாமதுரையில எடுத்தது.
பதினொண்ணு லாரியிலயே போச்சு."

மலிவா என்று கேட்டேன்.
அது படிவத்தில் இல்லாத கேள்வி.

"மலிவுன்னு சொல்லித்தான் எறங்குனோம்.
கொத்தனாரு ஜெயவீரன் மண்கல்லத் தூக்கிப் பாத்துட்டு
கோழிக்கூடா கட்டுறீகன்னாரு.
மொதச் சுவர ரெண்டு தடவ பிரிச்சோம்.
கல்லு அடிக்கிற மெஷினுக்கு வாடகை,
மழைக்கு அது சும்மா நின்ன பதினேழு நாளுக்கும் வாடகை.
சதுர அடிக்கு இருநூறு மிச்சம்னு சொன்ன இன்ஜினியரு
கடைசியில நூத்தம்பது கூட வாங்குனாரு.
வடக்குச் சுவருல ஓதம் ஏறுது,
எழுதிக்கங்க, மறைக்கல."

எழுதிக்கொண்டேன்.

"ஆரப்பாளையத்துல வாடகைக்கு இருந்தோம்,
மொட்டமாடிக்கு நேர் கீழ.
ஈரத்துண்டப் போத்திட்டுப் படுப்பேன்.
துண்டு காஞ்சிரும்,
நான் முழிச்சுக் கெடப்பேன்.
அன்னிக்கு ராத்திரி ஐசியூல
சிரிஞ்சுக் கோடு ரெண்டு ரெண்டாத் தெரியும்.
யார்ட்டயும் சொன்னதில்ல சார்."

இதற்கு எந்தக் கட்டம்?
கடைசியில் 'குறிப்புகள்' என்று
ஒரு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.
அங்கே ஏற்கெனவே ஓதம் உட்கார்ந்திருந்தது.

இதர என்று குறித்தேன்.
பதினைந்து கழிந்தது.

விளாங்குடியில் என் வீடு முதல் தரம்.
வாங்கும்போது அதே படிவத்தில்
நண்பன் ஒருவன் மதிப்பிட்டான்.
பகலில் வாங்கிய வெயிலைக் கூரை
இரவு பதினொரு மணிவரை
தவணை தவறாமல் திருப்பித் தரும்.
ஏசிக்கு வேறு தவணை.
அதையும் இதையும் கூட்டி
சதுர அடியால் வகுத்துப் பார்த்ததில்லை.
அன்று அங்கே நின்று வகுத்தேன்.
பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஜன்னல் வழியே பைக்,
வெயிலில் நெளிந்தது.
"வேற எதும் பாக்கணுமா சார்?"
கொட்டாவியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"வடக்குச் சுவர் மட்டும்" என்றேன்.
அளந்த சுவர்தான்.
நாடாவை மெதுவாக இழுத்து
மறுபடி அளந்தேன்,
அவருடைய தூக்கத்திலிருந்து
பத்து நிமிடம் எடுத்து.