நேற்றைய கசிவு: நாற்பத்திரண்டு

காலையில் பெட்டியின் சின்னத் திரையில்
ஒரு சிவப்பு முகம் உதட்டைப் பிதுக்குகிறது.
நேற்றைய கசிவு: நாற்பத்திரண்டு.
மூக்கு வழியே உள்ளே போன காற்று
நுரையீரலுக்கு வழி கேட்கவில்லை,
வாய் திறந்திருந்தது, வெளியே வந்துவிட்டது.

நாக்கு, சுட்ட அப்பளம்.
இரண்டு டம்ளர் தண்ணீர் இறங்கிய பிறகுதான்
அது என்னுடையது என்று தெரிகிறது.

"குறட்டையே தேவலை" என்கிறாள் சவுந்திரி.
"முப்பது வருஷம் பழகின சத்தம்.
இது விடிய விடிய
டயரில் ஆணி குத்தின மாதிரி."
அவள் முகத்தில்தான் வந்து அடிக்கிறதாம் அந்தக் காற்று.
தலையணையோடு கால்மாட்டுக்கு மாறிவிட்டாள்.
இப்போது என் பாதங்களோடு குடித்தனம்.

டர்பன் துறைமுகம், தொண்ணூறு அடி உயரத்தில் கிரேன் கூண்டு,
கம்பியில் ஒரு கன்டெய்னர் தொங்கிக்கொண்டிருக்க
நான் தூங்கிப்போனேன்.
மூன்று விநாடி.
லாரியின் ஓரத்தை உரசி இறங்கியது பெட்டி.
உள்ளே டைல்ஸ். யாருக்கும் ஒன்றுமில்லை.
டாக்டரிடம் மட்டும் சொன்னேன்.
அதனால்தான் இந்தக் குழாய், இந்த ரப்பர் மூக்கு.

கிளினிக்கில் நொம்புமெலேலோ என்கிற பெண்
ஈரப்பதத்தைக் கூட்டினாள், அழுத்தத்தைக் குறைத்தாள்,
மல்லாந்து படுக்காதே அங்கிள் என்றாள்,
கடைசியில் தாடைக்கு ஒரு பட்டை கொடுத்தாள்.
உச்சியிலிருந்து மோவாய்க்குக் கீழே சுற்றி
இறுக்கிக்கொண்டு கண்ணாடி பார்த்தேன்.
பின்னால் சவுந்திரி வந்தாள்.
"கழற்று அதை."
ஏன் என்று நான் கேட்கவில்லை.
அவள் அப்பாவுக்கு
வெள்ளைத்துணி கிழித்து வாய்க்கட்டு கட்டியது
நான்தான்.

பிறகு டேப்.
மீசையைச் சிரைக்க மனசில்லை,
ஆகவே உதட்டின் நடுவில் மட்டும்
கட்டைவிரல் அகலத்துக்கு ஒன்று.
முதல் ராத்திரி: கசிவு ஒன்பது.
இரண்டாம் ராத்திரி: ஏழு.
சவுந்திரி இடுப்புவரை ஏறி வந்தாள்.

மூன்றாம் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
சாட்ஸ்வர்த் முழுக்க இருட்டு.
அட்டவணையில் போட்டுத்தான் இருந்தார்கள்,
நான் பார்க்கவில்லை.
பெட்டி நின்றுவிட்டது.
மூக்கில் ரப்பர், வாயில் டேப்,
மேலே யாரோ உட்கார்ந்த மாதிரி.
பிய்த்தேன். மீசையில் பாதி போனது.
காற்று வரும் முன்னே ஒரு பெயர் வந்தது.

"யாருங்க போங்கின்கோசி?"
இருட்டுக்குள் சவுந்திரி.

கீழே நின்று கைகாட்டுகிறவன்.
அன்றைக்குச் சரியாகத்தான் காட்டினான்.
விசாரணையில் நாலு பேர், ஒரு ஜாடி தண்ணீர்.
"சைகை தப்பா?" என்று கேட்டார்கள்.
நான் தண்ணீர் குடித்தேன்.
"தெரியவில்லை" என்றுகூடச் சொல்லவில்லை.
அந்த வெள்ளிக்கிழமை
அவன் ஹெல்மெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

சவுந்திரி ரொம்ப நேரம் பேசவில்லை.
கரண்ட் வந்தது நாலரைக்கு.
பெட்டி தன்பாட்டுக்கு ஊதத் தொடங்கியது,
யாரும் மாட்டாத மாஸ்க்குக்குள்.
"பகல்ல மூடிக்கிட்டா
ராத்திரி திறக்காம என்ன செய்யும்?"
என்றாள். திரும்பிப் படுத்தாள்.

இப்போது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற
பெரிய மாஸ்க்.
உள்ளே வாய் திறந்தாலும் காற்று தப்பாது.
கசிவு இரண்டு.
பச்சை முகம் சிரிக்கிறது தினமும்.
எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை உம்லாசிக்குப் போனேன்.
இரண்டு தடவை தெரு தப்பியது.
கம்பிக் கதவு, குரைக்காத ஒரு நாய்.
அவன் வாசலில் யாருடைய காரையோ கழுவிக்கொண்டிருந்தான்,
வாளியைக் கீழே வைத்தான்,
கைகாட்டவில்லை.

வாயைத் திறந்தேன்.
முதலில் காற்றுதான் வந்தது.