எப்பவும் போல

நிபோங் திபால், டயர்க் கடையின் மேல்மாடி.
செவ்வாய்க்கிழமை, இரவு ஏழரை.
செம்பனை ஆலைப் புகை சன்னல் வழியே வந்து
முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்கிறது.
வருகைப் பதிவில் அதற்கு மட்டும் பெயர் இல்லை.

வெள்ளைப் பலகையில் ஓர் ஏணி வரைகிறேன்.
உச்சியில் ஆல்வேஸ், நூறு.
அடியில் நெவர், சைபர்.
நடுப்படிகளில்
யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், ரேர்லி
பாடநூல் சொன்ன விலைக்கே ஒட்டுகிறேன்:
எண்பது, அறுபது, நாற்பது, பத்து.

“ஐ ஆல்வேஸ் ஈட் ரொட்டி சானாய்”
கையுறை ஆலையில் இரவு ஷிப்டு பார்க்கும்
மோகனாம்பாள்.
“எப்பவுமா?”
“எப்பவும்தான் டீச்சர்.”
“நேத்து?”
“நேத்து நாசி லெமாக்.”
“முந்தாநாள்?”
“கார்த்திகை விரதம்.”
வகுப்பு சிரித்து ஓய்கிறது.

எங்கள் எப்பவும் நூறு இல்லை.
எப்பவும் போல என்று சொல்லும்போதே
ரெண்டு நாள் மூணு நாள் ஒழுகிப்போக
ஓட்டை வைத்துத்தான் செய்திருக்கிறார்கள்.
மலாயில் செலாலுவும் அப்படித்தான் என்கிறாள்
கடைசி வரிசை நூர்ஹாயாத்தி.

குணாளன் எழுந்து நிற்கிறார்.
உட்கார்ந்து பேசுங்கள் என்று எத்தனை தரம் சொன்னாலும்.
“ஒரு நாள் பால் வெட்டுவோம் டீச்சர்,
மறுநாள் மரத்துக்கு லீவு.
மழை பேஞ்சா அதுவும் போச்சு.
இது எந்தப் படி?”
அறுபதுக்கும் நாற்பதுக்கும் இடையில்
என் பேனா கொஞ்ச நேரம் தொங்குகிறது.
“எவ்ரி அதர் டே.”
அவர் அதை வாய்க்குள் உருட்டிப் பார்க்கிறார்.
“அதர்னா மத்த நாளு.
எது மத்த நாளு?
நான் வெட்டுற நாளா,
மரம் சும்மா இருக்கிற நாளா?”

இருபது வருடமாக ஆங்கிலம் பேசுகிறேன்.
இதை நான் யோசித்ததில்லை.

வினைச்சொல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும்,
ஈஸ், ஆம், ஆர் வந்தால் மட்டும்
பின்னால் போக வேண்டும்,
மேனேஜர் காருக்கு ஒதுங்கும் மோட்டார் சைக்கிள் மாதிரி
என்று சொல்லி முடிப்பதற்குள்
மோகனாம்பாள் பிளாஸ்டிக் உறையிலிருந்து
ஒரு தாளை எடுக்கிறார்.
ஆலையில் கொடுத்த ஃபாரம்.
நாளைக்குள் தர வேண்டுமாம்.

போன வருடமும் இதே ஃபாரம்.
முன்னால் நின்றவள் போட்டதைப் பார்த்து
முதல் கட்டத்திலேயே மேலிருந்து கீழே
சரசரவென்று டிக் போட்டாராம்.
முதல் கட்டம் நெவர்.
கை அரிப்பு, நெவர்.
மூச்சு முட்டல், நெவர்.
தூக்கமின்மை, நெவர்.
சூப்பர்வைசரிடம் புகார் சொன்னதுண்டா, நெவர்.
கடைசி ஒன்று மட்டும் உண்மை.

விரல்களை மேசைமேல் விரிக்கிறார்.
மருதாணி இட்டதல்ல அந்தச் சிவப்பு.
நகக்கண் ஓரமெல்லாம் தோல் உரிந்து
வெங்காயச் சருகு போல.

“எப்பவுமா?” என்கிறேன்,
பழக்கதோஷம்.
“ஆமா.”
“நேத்து?”
“அரிச்சுது.”
“முந்தாநாள்?”
“விரதத்தன்னிக்கும் அரிச்சுது டீச்சர்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.
கீழே யாரோ சக்கரத்தில் காற்றடிக்கிறார்கள்.
அவர் பலகையைப் பார்க்கிறார்,
ஒவ்வொரு படியாக ஏறி,
உச்சிக்குப் போய்,
அங்கே எழுதியிருப்பதை எழுத்தெழுத்தாகத் தாளோடு ஒப்பிட்டுக்
கடைசிக் கட்டத்தில் டிக் போடுகிறார்.
கை அரிப்புக்கு மட்டும்.
தூக்கத்துக்கு ஆஃபன்.
மூச்சுக்கு, கொஞ்சம் யோசித்து, சம்டைம்ஸ்.
புகாருக்கு வந்ததும் பேனாவை மூடுகிறார்.
“இதை நாளைக்குப் போட்டுக்கறேன்.”

ஒன்பது மணி.
ஏணியை அழிக்கிறேன்.
படியிறங்கும் குணாளனிடம் கேட்கிறேன்,
அடுத்த செவ்வாய் வருவீர்களா?
“யூஷுவலி” என்கிறார்,
ஹெல்மெட்டை மாட்டியபடி வானத்தைப் பார்த்து.
“மழை பேஞ்சா, ரேர்லி.”